கிழங்கான் தரை

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தைக் காலி செய்துகொண்டு சனங்கள் ஓடிய வருஷம், நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடமும் அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டுக்கு வந்து சேர்ந்தது. பட்டணத்தில் அது இருந்த கட்டடம் கடற்கரையை ஒட்டியது. அங்கே கண்ணாடிப் பாட்டில்களை வைத்திருப்பது ஆபத்து என்று பேராசிரியர் முடிவு செய்தார். என் கணவர் ராணுவ ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக வடக்கே போயிருந்தார். மேனாம்பேட்டில் எங்கள் பங்குக்கு வந்த வீடு பூட்டிக் கிடந்தது. அதன் முன் இரண்டு அறைகளை ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்று சொன்னது நான்தான். சொன்ன பிறகுதான் ஊரைப் பற்றி யோசித்தேன்.

பாட்டில்கள் வைக்கோல் திணித்த பெட்டிகளில், மாட்டு வண்டிகளில் வந்து இறங்கின. தெருவே நின்று பார்த்தது. ஒரு பெட்டியின் பலகை பிளந்து ஒரு பாட்டில் வெளியே தெரிந்தது. உள்ளே வெளுத்துப் போன நீளமான கடற்புழு ஒன்று சுருண்டிருந்தது. அன்று மாலைக்குள் ஊரில் மூன்று கதைகள் இருந்தன. அது பாம்புக் குட்டி, அது மனிதக் குடல், அது பட்டாளத்துக்காகச் செய்யும் விஷம். மூன்றாவது கதைதான் நிலைத்தது. ஆவடிப் பக்கம் ராணுவ லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடிய நாட்கள் அவை. எதைக் கேட்டாலும் நம்புவார்கள்.

பக்கத்து வீட்டில் என் கணவரின் அண்ணன் குடும்பம். அவருக்கு ஏரிப் பாசனத்தில் நிலம், பேச்சில் கொஞ்சம் அதிகாரம். பார்மலின் நாற்றம் சுவரைத் தாண்டிப் போன மறுநாளே வந்து வாசலில் நின்றார்.

"இன்னாம்மா இது? சாராயம் காச்சறாங்களான்னு தெருவுல கேக்கறாங்க."

"இல்லீங்க மாமா. கடல் அடியிலே இருக்கிற பிராணிங்க. கெடாம இருக்கறதுக்கு மருந்து ஊத்தி வெச்சிருக்கோம்."

"கடல்ல கீற புழுவ அம்பத்தூர்ல வெச்சிகினு இன்னா பண்ணுவீங்க?"

நியாயமான கேள்விதான். நான் பூந்தமல்லியில் பிறந்து, பட்டணத்தில் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். ஆண்கள் பலர் யுத்த வேலைக்குப் போய்விட்டதால் எனக்கு இந்த உத்தியோகம் கிடைத்தது. மீன் எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதைக் கடலின் மேலே பார்த்தால் தெரியாது, தரையில் என்ன வாழ்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது பேராசிரியரின் எண்ணம். அதற்காகப் பல வருஷங்களாக மாதம் ஒரு முறை, கடலில் ஒரே மூன்று இடங்களிலிருந்து மண் எடுத்து வந்து, சல்லடையில் அலசி, அதில் இருக்கும் பிராணிகளைப் பிரித்து வைப்போம். ஒரு வருஷத்து மண்ணை அடுத்த வருஷத்து மண்ணோடு ஒப்பிட்டால் அந்தத் தரை நலமாக இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். இதை மாமாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி" என்றார். அந்தச் சரியில் நம்பிக்கை இல்லை.

மண் எடுத்துக் கொடுத்தவர் பட்டணத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தைச் சேர்ந்த மீனவர். நாங்கள் கொடுத்திருந்த இரும்புக் கவ்வியைக் கயிற்றில் இறக்கினால், தரையைத் தொட்டதும் அது வாயை மூடிக்கொண்டு ஒரு கவளம் மண்ணோடு மேலே வரும். அவருடைய மனைவி அந்த மண்ணைச் சின்ன டின்களில் அடைத்து, கருவாட்டுக் கூடையின் அடியில் வைத்து, சென்ட்ரலில் ரயிலேறி அம்பத்தூருக்குக் கொண்டு வருவாள். டின்களை என்னிடம் கொடுத்துவிட்டுத் தெருத் தெருவாகக் கருவாடு விற்றுவிட்டுப் போவாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். நான் அக்கா என்பேன். அவள் என்னை யம்மா என்பாள். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பேச்சு அதிகம் கிடையாது.

மூன்று இடங்களில் எனக்குப் பிடித்தது கடைசி இடம். குப்பத்தார் அதைக் கிழங்கான் தரை என்பார்கள். கிழங்கான் மீன் அங்கே மேய வரும். பொடி மணலும் கொஞ்சம் சேறும் கலந்த சுத்தமான தரை. அந்த டின்னை அலசும்போது சல்லடை உயிரோடு நெளியும். நூல் போன்ற கைகள் கொண்ட சின்ன நட்சத்திரப் பிராணிகள், விரல் நகம் அளவு மட்டிகள், மணலைக் கோத்துக் குழல் கட்டி அதற்குள் குடியிருக்கும் புழுக்கள். மேனாம்பேட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டு இவற்றைப் பார்ப்பது எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அந்த வருஷம் ஆடி மாதத்து டின்னைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கறுப்புச் சேறு. அழுகிய முட்டை நாற்றம். அலசிப் பார்த்தால் மணலே இல்லை. நட்சத்திரம் இல்லை, மட்டி இல்லை. நூலிழை போல நான்கைந்து சிவப்புப் புழுக்கள் மட்டும். சாக்கடைச் சேற்றில் வாழும் சாதி. சல்லடையின் அடியில் கறுப்பாகக் கரகரவென்று ஏதோ மிஞ்சியது. விரலால் நசுக்கிப் பார்த்தேன். கரிக் கங்கு. எஞ்சின் அடுப்பிலிருந்து கொட்டும் நிலக்கரிச் சாம்பல் கட்டி.

எனக்கு உடனே ஒன்று தோன்றியது. அம்பத்தூர் ஸ்டேஷனை ஒட்டி ரயில் பாதையோரம் ஒரு பள்ளம் உண்டு. மழைத் தண்ணீரும் எஞ்சின் சாம்பலும் சேர்ந்து அங்கே இதே நிறத்தில் சேறு இருக்கும். கடலுக்குப் போகாமல் இருந்திருக்கிறார்கள். டின் காலியாக இருந்தால் கூலி கிடைக்காதே என்று, ரயிலை விட்டு இறங்கியதும் பள்ளத்தில் அள்ளி நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். சேற்றின் தண்ணீர் உப்பாக இருந்தது. கருவாடு விற்பவளுக்கு உப்புக்கா பஞ்சம் என்று அதற்கும் பதில் வைத்திருந்தேன்.

அடுத்த மாதமும் அதே சேறுதான். முதல் இரண்டு டின்களில் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது இடம்தான் கரையிலிருந்து வெகு தூரம். பக்கத்து இரண்டுக்கும் போய்விட்டு, தூரத்து இடத்துக்குப் போகச் சோம்பல் பட்டுவிட்டார் என்று என் கணக்கு இன்னும் உறுதியானது.

சனிக்கிழமை பேராசிரியர் வந்தார். சேற்றைப் பார்த்தார், முகர்ந்தார், என்னைப் பார்த்தார்.

"லேபிள் மாறியிருக்குமோ?"

"இல்லை சார்."

"வேறு எங்கிருந்தாவது எடுத்த மண் கலந்திருக்கலாம். வீடு மாற்றின அவசரத்தில்..."

"பாட்டிலை எல்லாம் நானேதான் அடுக்கினேன் சார். கலக்கவில்லை."

"கோபப்படாதே. யார் வேண்டுமானாலும் தவறு செய்யலாம்" என்றார். யார் வேண்டுமானாலும் என்று அவர் சொன்னது என்னை மட்டும்தான். என் கோபம் முழுவதும் கருவாட்டுக்காரி மேல் திரும்பியது.

அடுத்த முறை அவள் வந்தபோது டின்களை வாங்கி உள்ளே வைக்காமல் அவள் முன்னாலேயே மூன்றாவதைத் திறந்தேன். அதே கறுப்பு.

"அக்கா, இது எங்கே எடுத்த மண்ணு?"

"இன்னா கேக்கறே? கெயங்கான் தரைல எடுத்தது."

"கிழங்கான் தரையிலே மணல் இல்லே இருக்கும்? இதுல கரி இருக்கு பாருங்க. ரயில் பாதைப் பள்ளத்துலதான் இப்படி இருக்கும்."

அவள் கூடையை இறக்கி வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். "நான் பள்ளத்துல வாரிக்கினு வந்தேன்றியா?"

"நான் கேக்கறேன், அவ்வளவுதான்."

"கேளு, நல்லா கேளு. நானும் ஒண்ணு கேக்கறேன். நீ திருப்பிக் குடுக்கற டின்னுல ஒரு நாத்தம் கீதே, அது இன்னா?"

"பார்மலின். பாட்டில்ல ஊத்தற மருந்து. கை பட்டிருக்கும்."

"அந்த மருந்துல போட்டா புயு செத்துப் பூடும், இல்ல? எங்கூட்டுக்காரரு அந்த டின்ன கெயங்கான் தரையாண்ட தான் கடல்ல முக்கிக் கய்வறாரு. மாசா மாசம் கய்வறாரு. இப்ப அங்க வலை வுட்டா ஒண்ணியும் இல்ல. குப்பத்துல எல்லாம் எங்களத் தான் ஏசறாங்க. கவருமெண்டு துட்டுக்கு ஆசப்பட்டு இரும்ப வுட்டுத் தரைய நோண்டிட்டான், வெசத்த ஊத்திட்டான்னு. நீ இன்னாடான்னா எங்களப் பாத்து கள்ளத்தனம் பண்றேன்றே."

டின்னில் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டு மருந்து ஒரு கடலை என்ன செய்துவிடும் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. என் விளக்கம் அவளுக்கு எப்படியோ, அவள் விளக்கமும் எனக்கு அப்படியே. ஆனால் மீன் போய்விட்டது என்று அவள் சொன்னது மனதில் தைத்தது. பள்ளத்துச் சேற்றை அள்ளி வருபவள் எதற்காக அப்படிச் சொல்ல வேண்டும்? அதுவும் ஒரு சாமர்த்தியமோ என்றும் தோன்றியது. சந்தேகம் பிடித்துவிட்டால் எதைப் பார்த்தாலும் அதற்குத் தீனியாகிவிடுகிறது.

நேரில் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். மண் எடுக்கும் நாள் எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்து பைனாகுலரைப் பையில் போட்டுக்கொண்டு காலை ரயிலில் பட்டணம் போனேன். யுத்த காலத்தில் ஒரு பெண் பைனாகுலரோடு கடற்கரைக்குப் போவது எப்படித் தெரியும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

கிழங்கான் தரையைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. கடலிலிருந்து பார்த்தால் ஒரு கோயில் கோபுரமும் ஓர் ஆலையின் புகைபோக்கியும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே நேரில் நிற்க வேண்டும். அதே நேரைக் கரையில் பிடித்துக்கொண்டு நின்றால், கட்டுமரம் எனக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். மணலில் கவிழ்த்து வைத்த ஒரு படகின் மறைவில் நின்று பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன்.

கட்டுமரம் நேர் எதிரே இருந்தது. பைனாகுலரில் அந்த மனிதர் எழுந்து நின்று கோபுரத்தைப் பார்ப்பதும், துடுப்பால் மரத்தைக் கொஞ்சம் நகர்த்துவதும், மறுபடி பார்ப்பதும் தெரிந்தது. ஏமாற்ற நினைப்பவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார். எனக்கு முகம் சுட்டது. ஆனால் அவர் கவ்வியை இறக்கவில்லை. எதற்காகவோ காத்திருந்தார்.

வடக்கிலிருந்து ஒரு சின்னப் புகைக் கப்பல் வந்தது. அதன் பின்னால் கயிற்றில் ஒரு தட்டைக் கப்பல், தண்ணீர் மட்டம் வரை அமிழ்ந்து, பாரத்தோடு வந்தது. கட்டுமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. சட்டென்று அந்தத் தட்டைக் கப்பல் தண்ணீரிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே எழும்பியது. அடிவயிற்றைத் திறந்து சுமையைக் கொட்டிவிட்டது, அதனால்தான் எழும்பியது. அதைச் சுற்றிக் கடல் கறுத்தது. கறுப்பு பரவிப் பரவிக் கட்டுமரம் வரை வந்தது. எந்தத் துறைமுகத்தில் வாரிய சேறோ, யாருடைய கப்பலோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நிலக்கரியில் ஓடும் கப்பல்கள் சாம்பல் கொட்டும் இடத்துச் சேறு என்பது மட்டும் தெரிந்தது. கங்கு அதில் எப்படி வந்தது என்பதும்.

கப்பல் போன பிறகு அவர் கவ்வியை இறக்கினார். அதற்குள் என் தோளுக்குப் பின்னால் ஒருவர் இருமினார். போலீஸ்காரர்.

"என்னம்மா பாக்கறே? எத்தினி கப்பல் போச்சு, எங்க போச்சுன்னா?"

ஸ்டேஷனில் பைனாகுலரை மேஜைமேல் வைத்தார்கள். நான் மண், புழு, மட்டி என்று சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்துகொண்டே போனது.

"மேனாம்பேட்டிலே இருக்கறவங்களுக்குக் கடல் மண்ணு எதுக்கு?"

"ஆராய்ச்சிக்கு."

"மண் எடுக்கற இடம் எவ்வளவு ஆழம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கரையிலேருந்து எவ்வளவு தூரம்னு?"

"தெரியும்."

"அதைத்தானேம்மா ஜப்பான்காரனும் கேப்பான்?"

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். பேராசிரியருக்கு ஆள் அனுப்பினார்கள். அதற்குள் யாரோ சொல்லி, குப்பத்திலிருந்து அவளும் அவள் கணவரும் வந்து நின்றார்கள். உப்புப் பூத்த உடம்போடு அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேசியது அவள்தான்.

"சார், இந்தம்மாவ எனக்குத் தெரியும். வேவு பாக்கத் தான் வந்துச்சு. இல்லேன்னு சொல்லல. ஆனா ஜப்பான்காரனுக்கு இல்ல, எங்கள வேவு பாக்க வந்துச்சு. நாங்க திருட்டு மண்ணு குடுக்கறோம்னு இதுக்கு ஒரு நெனப்பு."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். அங்கே அன்று யாராவது சிரித்தது அந்த ஒரு முறைதான்.

நான் அவள் கணவரைப் பார்த்து, "அந்தக் கப்பல் கொட்டறதை நீங்க பார்த்திருக்கீங்க. ஏன் சொல்லலே?" என்றேன்.

அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "கப்பலப் பத்தி வாயத் தொறந்தா உள்ள தள்ளிடுவோம்னு குப்பத்துல வந்து தண்டோரா போட்டாங்களே" என்றார்.

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "உனக்குத் தெரியுமா? இத்தினி மாசமா ஊரே நம்மள ஏசிக்கினு கீது, இந்தம்மா கையில நான் பேச்சு வாங்கிக்கினு கீறேன். எங்கையில சொல்றதுக்கு இன்னா?"

"நீ சந்தைல சொல்லிடுவே."

"நானா?"

போலீஸ் ஸ்டேஷன் என்பதால் அவள் அதோடு விட்டாள். வீட்டுக்குப் போன பிறகு விட்டிருக்க மாட்டாள்.

பேராசிரியர் வந்து, தம் மேற்பார்வையில் நடக்கும் வேலை இது என்று எழுதிக் கொடுத்து என்னை அழைத்துப் போனார். பைனாகுலரைக் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வீட்டைச் சோதனை போட மேனாம்பேட்டுக்கே போலீஸ் வந்தது. தெரு கூடிவிட்டது. தாங்கள் சொன்னது சரியாகிவிட்டது என்ற மகிழ்ச்சி பல முகங்களில் இருந்தது. எனக்கு முன்னால் மாமா வாசலுக்கு வந்தார்.

"உள்ள ஒண்ணும் இல்ல சார். எல்லாம் புழு, நத்தை. மேல் வரிசைல மட்டி. ஜன்னலாண்ட கீறது எறா மாதிரி ஒண்ணு. நான் தான் வாரத்துக்கு ரெண்டு தபா பாத்துகினு கீறேனே."

அறைச் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் போலீஸ்காரருக்கு ஒவ்வொரு வரிசையாகக் காட்டிக்கொண்டே போனார். பாதிக்கு மேல் சரியாகவே சொன்னார். அவர்கள் போன பிறகு, "கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே மாமா" என்றேன். "கேட்டா நீ காட்ட வேண்டியத மட்டும் தானே காட்டுவே" என்றார். அந்த இன்னொரு சாவியை அவர் திருப்பித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பேராசிரியரிடம் எனக்கு வேறொரு வருத்தம். கிழங்கான் தரை சேற்றில் புதைந்துவிட்டது, எதனால் என்று கண்ணால் பார்த்தோம், அதை எழுத வேண்டும் என்றேன். அவர் வெகுநேரம் பேனாவைத் திருகித் திருகி மூடினார். கப்பல் நடமாட்டத்தை எழுதினால் எல்லோரும் மாட்டிக்கொள்வோம் என்றார். பதிவேட்டில் அந்த மாதங்களுக்கு எதிரே, மண் எடுக்க முடியவில்லை என்று எழுதினார். எடுக்க முடிந்தது, எடுத்தோம், அது செத்துக் கிடந்தது. லேபிள் மாறியதா என்ற பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. எடுத்து, தவறு உன்னுடையது அல்ல என்று சொல்லியிருந்தால் என் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

யுத்தம் முடிந்து ஆய்வுக்கூடம் மறுபடி கடற்கரைக்குப் போனது. தட்டைக் கப்பல் வருவது நின்றதாகச் சொன்னார்கள். கிழங்கான் தரையில் மறுபடி மண் எடுத்தோம். முதலில் அந்தச் சிவப்புப் புழுக்கள்தான், சல்லடை நிறைய. அடுத்த வருஷம் சேற்றின் மேலே மெல்லிய மணல் படிந்திருந்தது. கடுகு அளவில் மட்டிக் குஞ்சுகள் சில இருந்தன. முன்பு இருந்த வகை அல்ல. பழைய தரை திரும்பி வருகிறதா, வேறொரு தரை உருவாகிறதா என்று சொல்லும் அளவுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அந்த வேலையில் இருந்தவரை தெரியவில்லை.

மேனாம்பேட்டிலிருந்துதான் தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வந்தேன். ஒரு மாலை சென்ட்ரலில் வண்டிக்கு நிற்கும்போது அவளைப் பார்த்தேன். கருவாட்டுக் கூடை இல்லை. ஈரச் சாக்கால் மூடிய பச்சை மீன் கூடை, நிறைய. கழுத்தில் புதிதாக ஒரு தங்கச் சரடு.

"நல்லா கீறியா யம்மா?"

"இருக்கேன் அக்கா. நல்ல மீனா இருக்கே. வேற தரை கிடைச்சுதா?"

"கெடச்சுது."

"எந்தப் பக்கம்?"

அவள் சாக்கை இழுத்து மீனை இன்னும் நன்றாக மூடினாள்.

"கடல்ல தாம்மா" என்றாள்.

அந்தப் புதுத் தரை எங்கே என்று பேராசிரியர் அவள் கணவரிடம் இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு முறை வடக்கே கை காட்டினாராம், ஒரு முறை தெற்கே. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அம்பத்தூர் வண்டி வந்தது. கூடையைத் தூக்க ஒரு கை கொடுத்தேன், இரண்டு பேரும் ஏறினோம்.